யாரை நம்புவது? வெப் செக்யூரிட்டி மென்பொருளில் சான்றிதழ் ஆணையப் பட்டியலைக் கையாளும் முறை

அலுவலகத்தின் இணையப் போக்குவரத்தைச் சோதிக்கும் வெப் செக்யூரிட்டி மென்பொருளைப் பராமரிக்கும் பொறுப்பு புதிதாக உங்கள் கைக்கு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். முதல் வாரத்திலேயே யாராவது போன் செய்வார்கள்: "இந்த சைட் திறக்க மாட்டேங்குது, சர்டிபிகேட் எரர்னு வருது." நிர்வாகப் பக்கத்தைத் திறக்கிறீர்கள். அமைப்புகளுக்குள் எங்கோ ஒரு மூலையில் 'நம்பகமான சான்றிதழ் ஆணையங்கள்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. ஒரு சைட் உண்மையில் அந்த சைட்தான் என்று சான்றிதழ் எழுதிக் கொடுக்கும் அமைப்புகள் இவை. நூற்றுக்கும் மேற்பட்ட பெயர்கள். பாதியை நீங்கள் கேள்விப்பட்டே இருக்க மாட்டீர்கள். மேலே இறக்குமதி, நீக்கு, முடக்கு என்று மூன்று பட்டன்கள். எரர் வந்த சைட்டின் சான்றிதழை எடுத்து இறக்குமதி செய்துவிட்டால் எரர் போய்விடும் போலத் தெரிகிறது.

அந்த பட்டனை அழுத்துவதற்கு முன் கொஞ்சம் பொறுங்கள். அந்தப் பட்டியலில் இருக்கும் ஒவ்வொரு பெயரும் இணையத்தில் உள்ள எந்த சைட்டுக்கும் சாட்சி சொல்லலாம். நீங்கள் ஒரு சைட்டுக்காகச் சேர்த்த ஆணையம் நாளை ஜிமெயிலுக்கோ ஒரு வங்கியின் சைட்டுக்கோ சான்றிதழ் எழுதிக் கொடுத்தாலும் உங்கள் மென்பொருள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும். ஒரு வாசலைத் திறக்க வந்தவர் மொத்த வீட்டுச் சாவியையும் கொடுத்துவிட்டுப் போகிற கதைதான். இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு படித்தால், கீழே சொல்லப்போகும் எல்லாப் படிகளுக்கும் காரணம் தானாகவே விளங்கும்.

சான்றிதழ்ச் சங்கிலி

ஒரு சைட் உங்களிடம் தன் சான்றிதழைக் காட்டுகிறது. அதில் கையெழுத்துப் போட்டிருப்பது ஓர் இடைநிலை ஆணையம். அந்த இடைநிலையின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பது ரூட் ஆணையம். ரூட்டின் சான்றிதழில் கையெழுத்துப் போட்டிருப்பது யார்? அதுவேதான். தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கொண்ட சான்றிதழை எந்தக் கணக்கைப் போட்டும் உண்மை என்று நிரூபிக்க முடியாது. அது உங்கள் பட்டியலில் இருக்கிறது, அதனால் நம்புகிறோம். அவ்வளவுதான். மற்ற எல்லாக் கணக்கும் இந்த ஒரு முடிவின் மேல்தான் நிற்கிறது.

சான்றிதழ் ஆணையத்தைச் சுருக்கமாக சிஏ என்பார்கள். இனி நானும் அப்படியே எழுதுகிறேன்.

குழப்பம் தொடங்கும் இடம்: இரண்டு பக்கமும் சிஏ

புதிதாக வருபவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். சாதாரணமாக பிரவுசரும் சைட்டும் நேரடியாகப் பேசிக்கொள்ளும். சான்றிதழைச் சோதிப்பது பிரவுசர். வெப் செக்யூரிட்டி மென்பொருள் ஹெச்டிடிபிஎஸ் போக்குவரத்தை, அதாவது மறையாக்கம் செய்த போக்குவரத்தை, பிரித்துப் பார்க்கும்படி அமைக்கப்பட்டிருந்தால், நடுவில் அது நிற்கிறது. அப்படி நடுவில் நிற்பதை இனி கேட்வே என்கிறேன். இப்போது இரண்டு தனித்தனி இணைப்புகள். பிரவுசரிலிருந்து கேட்வே வரை ஒன்று, கேட்வேயிலிருந்து சைட் வரை இன்னொன்று.

முதல் இணைப்பில், ஒவ்வொரு சைட்டுக்கும் கேட்வே தானே ஒரு புதுச் சான்றிதழை அந்த நொடியில் எழுதி பிரவுசரிடம் காட்டுகிறது. அதில் கையெழுத்துப் போடுவது கேட்வேயின் சொந்த சிஏ. அந்த சிஏவைப் பயனர்களின் கணினிகள் நம்ப வேண்டும். இரண்டாவது இணைப்பில், சைட் காட்டும் உண்மையான சான்றிதழைச் சோதிப்பது கேட்வே. அதற்குத்தான் அந்த நூற்றுச்சொச்சம் பெயர்கள் உள்ள பட்டியல்.

நிர்வாகப் பக்கத்தில் இந்த இரண்டும் பெரும்பாலும் அடுத்தடுத்து இருக்கும், பெயர்களும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி இருக்கும். எதைத் தொடுகிறோம் என்று ஒவ்வொரு முறையும் உறுதி செய்துகொள்ளுங்கள்.

இதில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. பிரவுசர் இப்போது பார்ப்பது கேட்வே எழுதிய சான்றிதழை மட்டும். அதில் எந்தக் குறையும் இருக்காது. அந்தப் பக்கம் சைட்டின் உண்மையான சான்றிதழ் காலாவதியானதாக இருந்தாலும், போலியாகவே இருந்தாலும், கேட்வே அதைக் கண்டுகொள்ளாமல் விட்டால் பிரவுசரும் எச்சரிக்கை எதுவும் காட்டாது. 2017 மார்ச்சில் அமெரிக்க அரசின் கணினி அவசர உதவிக் குழு இதைப் பற்றித் தனியாக ஓர் எச்சரிக்கையே வெளியிட்டது: நடுவில் நின்று பிரித்துப் பார்க்கும் கருவிகளில் பல, சான்றிதழ்ச் சங்கிலியைச் சரியாகச் சோதிப்பதில்லை என்று. ஆகவே, பிரித்துப் பார்க்கும் வசதியை இயக்கிய நாளிலிருந்து, உங்கள் பயனர்கள் எல்லோருக்குமான தீர்ப்பை உங்கள் பட்டியல்தான் சொல்கிறது.

பட்டியல் எங்கிருந்து வருகிறது, எப்போது வந்தது

மொஸில்லா, மைக்ரோசாப்ட், ஆப்பிள், கூகுள் ஆகிய நான்கும் தங்களுக்கென்று ரூட் பட்டியல் வைத்திருக்கின்றன. ஒரு சிஏ உள்ளே வர வேண்டுமானால் தணிக்கை அறிக்கைகள் காட்ட வேண்டும், விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும், தவறு செய்தால் பொதுவில் விளக்கம் சொல்ல வேண்டும். ஃபயர்ஃபாக்ஸ் எப்போதுமே தன் சொந்தப் பட்டியலைத்தான் பயன்படுத்துகிறது. குரோம் பல காலம் இயங்குதளத்தின் பட்டியலை நம்பியிருந்தது. 2022 முதல் தனக்கென்று ஒன்றை வைத்துக்கொண்டது. லினக்ஸ் சார்ந்த கருவிகளில் பெரும்பாலும் மொஸில்லாவின் பட்டியல்தான் ஒரு பொதியாக வந்து உட்கார்ந்திருக்கும்.

பொறுப்பேற்றதும் நீங்கள் செய்ய வேண்டிய முதல் வேலை இதுதான்: உங்கள் மென்பொருளின் பட்டியல் கடைசியாக எப்போது புதுப்பிக்கப்பட்டது, அது தானாகப் புதுப்பிக்கிறதா என்று பாருங்கள். நிறுவிய நாளில் வந்த பட்டியலே வருடக்கணக்கில் அப்படியே கிடக்கும் கருவிகளைப் பார்த்திருக்கிறேன். வெளியிலிருந்து பார்த்தால் எல்லாம் நன்றாக ஓடுவது போலவே இருக்கும்.

பழைய பட்டியலால் என்ன கெட்டுவிடும் என்று கேட்டால் டிஜிநோட்டார் கதையைச் சொல்ல வேண்டும். அது நெதர்லாந்தைச் சேர்ந்த ஒரு சிஏ. அந்நாட்டு அரசின் சேவைகளே அதன் சான்றிதழ்களைப் பயன்படுத்தின. 2011 கோடையில் யாரோ அதன் கணினிகளுக்குள் நுழைந்து 500க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை எழுதிக்கொண்டார்கள். அவற்றில் ஒன்று கூகுளின் எல்லா சைட்டுகளுக்கும் செல்லும். அதை வைத்து ஈரானில் ஜிமெயில் பயன்படுத்தியவர்கள் உளவு பார்க்கப்பட்டார்கள். ஆகஸ்ட் கடைசியில் ஒரு ஈரானியப் பயனரின் குரோம் எச்சரிக்கை காட்டியதால்தான் விஷயம் வெளியே தெரிந்தது. கூகுள் சைட்டுகளுக்கு எந்த சிஏக்கள் கையெழுத்துப் போடலாம் என்று குரோமுக்குள்ளேயே எழுதி வைத்திருந்தார்கள். டிஜிநோட்டார் அதில் இல்லை. சில நாட்களில் எல்லா பிரவுசர்களும் அதைப் பட்டியலிலிருந்து தூக்கின. செப்டம்பரில் நிறுவனம் திவாலானது.

இதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நிர்வாகி தானே கணினியில் நிறுவிய சிஏ என்றால் குரோம் அந்த மாதிரிச் சோதனையை விட்டுவிடும். கேட்வேயின் சிஏ அந்த வகைதான். அதாவது, அந்த ஈரானியப் பயனரைக் காப்பாற்றிய மணி, உங்கள் கேட்வேக்குப் பின்னால் உட்கார்ந்திருப்பவருக்கு அடிக்காது. உங்களுக்கு மிச்சமிருப்பது பட்டியல் மட்டுமே. அது அன்றைய தேதிக்குப் புதியதாக இருந்தே ஆக வேண்டும்.

நீக்கங்கள் எப்போதோ ஒருமுறை நடப்பவை என்றும் நினைக்க வேண்டாம். சைமான்டெக் என்ற சிஏவின் பழைய சான்றிதழ்களை 2018இல் குரோம் முழுதாகக் கைவிட்டது. என்ட்ரஸ்ட் என்ற இன்னொரு சிஏவின் புதுச் சான்றிதழ்களை இனி நம்பப்போவதில்லை என்று 2024 ஜூனில் கூகுள் அறிவித்தது. இப்படிப்பட்ட நேரங்களில் பிரவுசர்கள் நிதானமாக நடந்துகொள்ளும்: இன்ன தேதிக்கு முன் எழுதியவை செல்லும், பின் எழுதியவை செல்லாது என்று. கேட்வேக்களில் இருக்கும் எளிய பட்டியலில் அப்படி எழுத இடம் கிடையாது. பெயர் இருக்கிறது அல்லது இல்லை, அவ்வளவுதான். பிரவுசரில் ஒரு மாதிரி, கேட்வே வழியாக வேறு மாதிரி நடந்தால், இதையும் ஒரு காரணமாக நினைத்துப் பாருங்கள்.

எரர் வந்தால் எந்த வரிசையில் பார்ப்பது

போன் வந்துவிட்டது. பட்டியலைத் தொடாமல் முதலில் காரணத்தைக் கண்டுபிடிப்போம்.

முதலில் கேட்வேயின் கடிகாரம். தேதி தவறாக இருந்தால் எல்லாச் சான்றிதழும் செல்லாததாகத் தெரியும். அடுத்து சைட்டின் சான்றிதழ் காலாவதியாகிவிட்டதா, அதில் உள்ள பெயரும் முகவரியும் ஒத்துப்போகின்றனவா என்று பாருங்கள். இரண்டில் எது தவறு என்றாலும் சரிசெய்ய வேண்டியவர் சைட்டுக்காரர். உங்கள் பட்டியலில் எதைச் சேர்த்தாலும் தீராது.

இவை சரி என்றால், சங்கிலியைக் கண்ணால் பார்க்க வேண்டும். கேட்வே இருக்கும் இடத்திலிருந்தே, அதன் பிரித்துப் பார்க்கும் பகுதிக்குள் போகாமல், நேராக சைட்டை அணுகும் ஒரு கணினியில் உட்காருங்கள். சான்றிதழ்களைக் கையாளும் ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற கருவியில் எஸ்-கிளையன்ட் என்று ஒரு கட்டளை உண்டு. அதற்கு சைட்டின் முகவரியையும் 443 என்ற போர்ட் எண்ணையும் கொடுத்து, ஷோசர்ட்ஸ் என்ற தேர்வையும் சேர்த்து ஓட்டினால், சைட் அனுப்பும் சான்றிதழ்கள் அப்படியே வரிசையாக வரும். சர்வர்நேம் தேர்வில் சைட்டின் பெயரைக் கொடுத்துவிடுங்கள். ஒரே சர்வரில் பல சைட் இருந்தால் தவறான சான்றிதழ் வராமல் இருக்கும்.

வருவதைப் படிப்பது எளிது. ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஓர் எண். 0 என்பது சைட்டினுடையது. எண்ணுக்குப் பக்கத்தில் ஆங்கில எஸ் எழுத்தோடு தொடங்கும் வரி, இது யாருடைய சான்றிதழ் என்று சொல்கிறது. அதன் கீழே ஐ எழுத்தோடு தொடங்கும் வரி, கையெழுத்துப் போட்டது யார் என்று சொல்கிறது. 0ஆவது சான்றிதழின் ஐ வரியில் உள்ள பெயர், 1ஆவது சான்றிதழின் எஸ் வரியில் அப்படியே இருக்க வேண்டும். இப்படியே மேலே போய், கடைசி சான்றிதழின் ஐ வரியில் உள்ள பெயர் உங்கள் பட்டியலில் இருக்கிறதா என்று தேடுங்கள். எங்கே பெயர் அறுந்துபோகிறதோ, அங்கேதான் கோளாறு.

பல நேரம் 0 மட்டும் வந்து நின்றுவிடும். இடைநிலைச் சான்றிதழை அனுப்ப சைட்டுக்காரர் மறந்திருக்கிறார் என்று அர்த்தம். என் அனுபவத்தில் "ரூட்டை நம்பவில்லை" என்று வரும் புகார்களில் பெரும்பங்கு இதுதான். "எங்க வீட்டில் திறக்குதே, இங்கே மட்டும் ஏன் வரல?" என்று போன் செய்தவர் கேட்பார். அவர் சொல்வது உண்மைதான். விடுபட்ட இடைநிலையை குரோம் தானே தேடிப்போய் எடுத்துக்கொள்ளும். சான்றிதழுக்குள்ளேயே அதன் முகவரி எழுதியிருக்கும். ஃபயர்ஃபாக்ஸ் தெரிந்த இடைநிலைகளை முன்கூட்டியே இறக்கி வைத்திருக்கும். கேட்வேக்கள் பலவற்றில் இந்தச் சமர்த்து கிடையாது. சிலவற்றில் இருக்கும், ஆனால் அணைத்து வைக்கப்பட்டிருக்கும். அந்தத் தேர்வு இருந்தால் இயக்குங்கள். இல்லையென்றால் சான்றிதழில் உள்ள முகவரியிலிருந்து இடைநிலையை இறக்கி, உங்கள் மென்பொருளில் இடைநிலைகளுக்கு என்று தனி இடம் இருந்தால் அங்கே சேருங்கள். ரூட்டுகளோடு கலக்காதீர்கள். சைட்டுக்காரருக்கும் ஒரு மின்னஞ்சல் போட்டுவிடுங்கள். அவருக்குத் தெரிந்தே இருக்காது.

ரூட்டே காலாவதியாவதும் உண்டு. 2020 மே 30இல் ஆட்டிரஸ்ட் என்ற பழைய ரூட்டும், 2021 செப்டம்பர் 30இல் லெட்ஸ் என்கிரிப்ட் என்ற சிஏவின் சான்றிதழ்கள் பல சாதனங்களில் சார்ந்திருந்த டிஎஸ்டி ரூட் சிஏ எக்ஸ்3யும் முடிந்தபோது, சைட்டுகளில் எந்தத் தவறும் இல்லாமலே பழைய கருவிகள் திணறின. நம்பத்தக்க வேறொரு வழி இருந்தும், பழைய ஓப்பன்எஸ்எஸ்எல் பதிப்புகள் செத்த பாதையிலேயே முட்டிக்கொண்டு நின்றதுதான் காரணம். அன்றைக்கு மருந்து, பட்டியலைப் புதுப்பித்துக் காலாவதியான ரூட்டை எடுத்துவிடுவதுதான்.

இத்தனையும் பார்த்தபின், கடைசிப் பெயர் உண்மையிலேயே உங்கள் பட்டியலில் இல்லை என்றால் அது ஒரு தனியார் சிஏ (ஒரு நிறுவனம் தன் சொந்த உபயோகத்துக்கு வைத்திருப்பது), தனக்குத்தானே எழுதிக்கொண்ட சான்றிதழ், அல்லது நீக்கப்பட்ட சிஏ. மூன்றாவது என்றால் சேர்க்கவே கூடாது. முதல் இரண்டுக்கு மட்டும் அடுத்த பகுதி.

சேர்த்தே ஆக வேண்டும் என்றால்

அதற்கும் முன்னால் ஒரு கேள்வி: அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் விலக்கு கொடுத்தால் போதாதா? பெரும்பாலான மென்பொருள்களில் குறிப்பிட்ட முகவரிக்கு மட்டும் பிரித்துப் பார்ப்பதை நிறுத்தலாம். அப்போது பிரவுசரே நேரடியாகச் சான்றிதழைச் சோதிக்கும், பொறுப்பு அந்த ஒரு முகவரியோடு நிற்கும். போதும் என்றால் அதையே செய்யுங்கள். என் வாக்கு எப்போதும் குறுகிய விலக்குக்குத்தான்.

சைட்டின் சொந்தச் சான்றிதழையே எடுத்து ரூட் பட்டியலில் போடுவது எல்லோருக்கும் முதலில் தோன்றும் வழி. நானும் செய்திருக்கிறேன். ஒரு வெள்ளிக்கிழமை மாலை, வேலை பார்த்த இடத்தில் ஒரு வெளி நிறுவனத்தின் சைட்டுக்கு அப்படிச் செய்தேன். அந்த மென்பொருள் ஏற்றுக்கொண்டது, எரர் போய்விட்டது. சில மாதம் கழித்து அவர்கள் சான்றிதழைப் புதுப்பித்தார்கள். இரவில் தானாக ஓட வேண்டிய கோப்புப் பரிமாற்றம் நின்றுபோய், காலையில் பத்துப் பேர் காரணம் தெரியாமல் காத்திருந்தார்கள். நான் எதையும் எழுதி வைக்காததால் எனக்கே நினைவுக்கு வர இரண்டு மணி நேரம் ஆனது. இனிமேல் இந்த வழி இன்னும் மோசமாகும். பொதுச் சான்றிதழ்களின் அதிகபட்ச ஆயுள் 2020 முதல் 398 நாளாக இருந்தது. 2025 ஏப்ரலில் சிஏக்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்த மன்றம் எடுத்த முடிவின்படி அது 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் முதல் 100, 2029 மார்ச் முதல் வெறும் 47.

சரி, தனியார் சிஏவின் ரூட்டைத்தான் சேர்க்கப் போகிறீர்கள். கோப்பு கைக்கு வந்ததும் அது என்ன வகை என்று பாருங்கள். நோட்பேடில் திறந்தால் 'பிகின் சர்டிபிகேட்' என்ற தலைப்புக் கோட்டுக்குக் கீழே எழுத்துக் குவியல் தெரிந்தால் அது பெம் வடிவம். புரியாத குறிகளாகத் தெரிந்தால் பெரும்பாலும் டெர் வடிவம். இரண்டும் ஒரே விஷயத்தின் இரண்டு உடைகள், மாற்றிக்கொள்ளலாம்.

பிஎஃப்எக்ஸ் அல்லது பி12 என்று முடியும் கோப்பு வந்தால் மட்டும் கையை எடுத்துவிடுங்கள். அதற்குள் சான்றிதழோடு ரகசியச் சாவியும் இருக்கலாம். ஒருமுறை கூட்டாளி நிறுவனம் ஒன்று தன் ரூட்டை இப்படி அனுப்பியது, அதே மின்னஞ்சலில் பாஸ்வேர்டும் இருந்தது. அந்தச் சாவி யாரிடம் இருக்கிறதோ, அவர் அந்த சிஏவாகவே ஆகிவிடலாம். நான் கோப்பை அழித்துவிட்டு, அவர்களை அழைத்து, அந்த சிஏவையே கைவிட்டுப் புதிதாக ஒன்று உருவாக்கச் சொன்னேன். அவர்களுக்கு அது பெரிய வேலைதான். ஆனாலும் செய்தார்கள். ஒரு சிஏவை நம்புவதற்கு ரகசியச் சாவி ஒருபோதும் தேவையில்லை. யார் கேட்டாலும், யார் கொடுத்தாலும் சந்தேகப்படுங்கள்.

சரியான கோப்பு என்றால் இறக்குமதி செய்யாமல் முதலில் திறந்து மட்டும் பாருங்கள். விண்டோஸில் இருமுறை கிளிக் செய்தாலே விவரங்கள் வரும். 'யாருக்கு', 'யாரால்' என்ற இரண்டு இடத்திலும் ஒரே பெயர் இருந்தால் ரூட். அடிப்படைக் கட்டுப்பாடுகள் என்ற பகுதியில் சிஏ என்று குறித்திருக்க வேண்டும். இல்லையென்றால் உங்களுக்குக் கொடுத்திருப்பது ஏதோ ஒரு சைட்டின் சான்றிதழ். முடியும் தேதியைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர்க் கட்டுப்பாடுகள் என்ற பகுதி இருந்தால் மகிழ்ச்சி: இந்த சிஏ இன்ன முகவரிகளுக்கு மட்டுமே சான்றிதழ் எழுதலாம் என்று அதில் வரையறுத்திருப்பார்கள். கூட்டாளி நிறுவனங்களிடம் அப்படி ஒன்று கேட்டு வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். உங்கள் மென்பொருள் அதை மதிக்கிறதா என்று மட்டும் சோதித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் கைரேகை, அதாவது சான்றிதழின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாளக் குறி. சான்றிதழின் ஷா-256 கைரேகை என்பது 64 குறிகள், இரண்டிரண்டாக 32 ஜோடி. கோப்பு மின்னஞ்சலில் வந்தால் கைரேகையும் அதே மின்னஞ்சலில் வருவதால் பயனில்லை. மின்னஞ்சலை மாற்றக்கூடியவர் இரண்டையும் மாற்றுவார். உங்களுக்கு முன்பே தெரிந்த எண்ணில் போன் செய்து, அவர்களை அவர்கள் திரையிலிருந்து வாசிக்கச் சொல்லுங்கள். நீங்கள் படித்து அவர் "ஆமாம், ஆமாம்" என்று சொல்வது சரிப்படாது. அவர் வாசிக்க நீங்கள் பார்க்க வேண்டும். முதல் நான்கும் கடைசி நான்கும் போதும் என்று விடாமல் 32 ஜோடியையும் கேளுங்கள். இரண்டு நிமிட வேலை.

பொருந்தினால் இறக்குமதி செய்யுங்கள். அதே கையோடு ஒரு பதிவேட்டில் எழுதுங்கள்: எந்த சிஏ, கைரேகை, யார் கேட்டார்கள், எதற்காக, யார் சரிபார்த்தது, எப்போது மறுபடி பார்க்க வேண்டும்.

முடக்குவதும் நீக்குவதும்

முடக்கும் வசதி இருந்தால் நீக்காதீர்கள். நீக்கிய பொதுச் சிஏ, அடுத்த தானியங்கிப் புதுப்பிப்பில் திரும்பி வந்துவிடலாம். முடக்கியது முடக்கியபடியே இருக்கும். விண்டோஸ் தேவைப்படும்போது ரூட்டுகளைத் தானே இறக்கிக்கொள்ளும் பழக்கம் உடையது, அதனால் அங்கே நம்பாதவற்றுக்கென்று உள்ள தனிப் பட்டியலில் சேர்ப்பதுதான் வழி. டெபியன் குடும்ப லினக்ஸில் சிஏ பட்டியல் கோப்பில் அந்தப் பெயருக்கு முன்னால் ஓர் ஆச்சரியக்குறி போட்டுவிட்டு, அப்டேட்-சிஏ-சர்டிபிகேட்ஸ் கட்டளையை ஓட்ட வேண்டும்.

பழக்கமில்லாத நாட்டுப் பெயரைப் பார்த்து பயந்து பொதுச் சிஏக்களை வரிசையாக முடக்கும் ஆசை வரும். நான் அதைப் பரிந்துரைப்பதில்லை. எந்த சைட் எங்கே உடைகிறது என்று தெரியாமல் பல நாள் அலைய வேண்டிவரும். ஒரு சிஏவுக்கு இன்னொரு ரூட் குறுக்குக் கையெழுத்துப் போட்டிருந்தால், நீங்கள் முடக்கியும் வேறு வழியாக அது செல்லுபடியாகிக்கொண்டே இருக்கும். பொதுப் பட்டியலை நல்ல இடத்திலிருந்து புதிதாக வாங்கிக்கொண்டே இருந்தால் போதும். கறாராக இருக்க வேண்டியது உங்கள் கையால் சேர்த்தவற்றிடம்.

கேட்வேயின் சொந்த சிஏ

2015 பிப்ரவரியில், சில லெனோவா மடிக்கணினிகளில் சூப்பர்ஃபிஷ் என்ற விளம்பர மென்பொருள் தன் ரூட்டை நிறுவியிருந்தது தெரியவந்தது. எல்லா மடிக்கணினியிலும் ஒரே சாவி, அந்தச் சாவியும் கணினிக்குள்ளேயே. ஒருவர் அதை எடுத்துவிட்டால் மற்ற எல்லோருக்கும் போலி சைட் காட்டலாம். அதே ஆண்டு நவம்பரில் டெல் கணினிகளிலும் இதே மாதிரி ஒரு ரூட் இருந்தது வெளிவந்தது. ஆகவே உங்கள் கேட்வேயோடு ஓர் இயல்பு சிஏ வந்திருந்தால் அதைப் பயன்படுத்தாமல் உங்களுக்கென்று புதிதாக உருவாக்குங்கள். அதன் ரகசியச் சாவி கேட்வேயை விட்டு வெளியே போகக் கூடாது. காப்புநகல் எடுத்தால் அதை மறையாக்கம் செய்து பூட்டி வையுங்கள்.

அந்த சிஏவின் சான்றிதழை, சாவி இல்லாமல், பயனர்களின் கணினிகளுக்குப் பரப்ப வேண்டும். விண்டோஸில், எல்லாக் கணினிகளுக்கும் ஒரே இடத்திலிருந்து அமைப்புகளை அனுப்பும் குரூப் பாலிசி போதும். குரோமும் எட்ஜும் எடுத்துக்கொள்ளும். ஃபயர்ஃபாக்ஸ் 2023 நவம்பரில் வந்த 120ஆம் பதிப்பிலிருந்து, விண்டோஸிலும் மேக்கிலும் நிர்வாகி சேர்த்தவற்றைத் தானே ஏற்கிறது. ஐபோனில் கையால் நிறுவினால் மட்டும் போதாது. அமைப்புகளில் பொது, அறிமுகம், சான்றிதழ் நம்பிக்கை என்று உள்ளே போய் அதை இயக்கவும் வேண்டும். ஆண்ட்ராய்டு 7 முதல், பயனர் சேர்த்த சிஏவை பெரும்பாலான செயலிகள் கண்டுகொள்வதில்லை. பிரவுசர் வேலை செய்யும், செயலி நிற்கும். ஜாவா தன் சொந்தக் கோப்பில் பட்டியல் வைத்திருக்கும். பைத்தானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகமும் நோட்.ஜேஎஸ்ஸும் அப்படியே. "பிரவுசர்ல வருது, என் புரோகிராம்ல வரல" என்று டெவலப்பர்கள் வந்தால் முதலில் இங்கே பாருங்கள். சான்றிதழ்ச் சோதனையையே அணைத்துவிட்டு வேலையை ஓட்டும் பழக்கம் அவர்களுக்கு வருவதற்குள் வழிகாட்டிவிடுங்கள்.

வங்கி, மருத்துவம் சார்ந்த சைட்டுகளைப் பிரித்துப் பார்க்காமல் விட்டுவிடுங்கள். எதைப் பிரித்துப் பார்க்கிறோம் என்று பயனர்களுக்கு வெளிப்படையாகச் சொல்லுங்கள். அவர்களுடைய கடிதத்தைப் பிரிக்கிற வேலை இது. சொல்லாமல் செய்யக் கூடாது.

வேலை செய்கிறதா என்று பார்ப்பது

பேட்எஸ்எஸ்எல் டாட் காம் என்று ஒரு சோதனை சைட் இருக்கிறது. காலாவதியானது, பெயர் பொருந்தாதது, தானே எழுதிக்கொண்டது, நம்பாத ரூட், ரத்து செய்யப்பட்டது என்று வேண்டுமென்றே கெட்டுப்போன சான்றிதழ்களோடு தனித்தனி முகவரிகள் வைத்திருக்கிறார்கள். கேட்வேக்குப் பின்னால் உள்ள ஒரு கணினியிலிருந்து ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். ஒவ்வொன்றும் தடைபட வேண்டும். எது எச்சரிக்கை இல்லாமல் திறக்கிறதோ, அதற்கான சோதனையை உங்கள் கேட்வே செய்யவில்லை.

பெரும்பாலும் திறந்துகொள்வது ரத்து செய்யப்பட்டது, அதாவது காலம் முடியும் முன்பே சிஏ செல்லாது என்று அறிவித்த சான்றிதழ். ரத்தைச் சோதிக்க இரண்டு வழி: சிஏவிடம் அந்த நொடியில் கேட்கும் ஓசிஎஸ்பி, ரத்துப் பட்டியலை இறக்கிப் பார்க்கும் சிஆர்எல். லெட்ஸ் என்கிரிப்ட் 2025இல் ஓசிஎஸ்பி சேவையை நிறுத்திவிட்டது, அதனால் உங்கள் கேட்வே சிஆர்எல்லும் பார்க்கிறதா என்று உறுதி செய்யுங்கள். பதில் கிடைக்காவிட்டால் அனுமதிப்பதா தடுப்பதா என்றும் ஒரு தேர்வு இருக்கும். இயல்பாக அனுமதிப்பில்தான் இருக்கும். எந்தப் பக்கம் என்று தெரிந்து முடிவு செய்யுங்கள்.

இந்தச் சோதனையை ஒவ்வொரு பெரிய பதிப்பு மாற்றத்துக்குப் பின்னும் ஓட்டுங்கள். மாதம் ஒருமுறை, கையால் சேர்த்த சிஏக்களை மட்டும் வடிகட்டி எடுத்துப் பதிவேட்டோடு ஒப்பிடுங்கள். பதிவேட்டில் இல்லாத பெயர் ஒன்று பட்டியலில் இருந்தால் அன்றைக்கே முடக்கிவிட்டு, யார் சேர்த்தது என்று லாகில் தேடத் தொடங்குங்கள்.